கிரீஸர் இசையைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950களின் அமெரிக்காவில் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையும் வெள்ளை டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாகத் தெருமுனையில் நின்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் கிரீஸர்கள். அவர்கள் கேட்ட, பாடிய இசையைப் பல வருடங்களாகச் சேகரித்து வருகிறேன். குடியிருப்பது நியூ ஜெர்சியில் என்பதால் அந்தக் காலத்து 45 ஆர்.பி.எம். தட்டுகள், அதாவது இரு பக்கமும் ஒவ்வொரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகள், பக்கத்திலேயே கிடைக்கின்றன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்கிய இளைஞர்கள் சிலர் அவ்வப்போது வாங்கியதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். நான் விழுந்து எழுந்த குழிகளிலேயே அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தட்டை வெயிலில் வைக்காதே, படுக்கை வசத்தில் அடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சினிமாவை வரலாறாக எடுத்துக்கொள்வது

பெரும்பாலானவர்களுக்குக் கிரீஸர் என்றதும் நினைவுக்கு வருவது 1978இல் வந்த ‘கிரீஸ்’ படம். அது 1971இல் சிகாகோவில் ஒரு சின்ன அரங்கில் மேடை நாடகமாகத் தொடங்கி, மறு வருடம் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குக்குப் போய், அப்புறம் படமானது. படத்தின் தலைப்புப் பாட்டை எழுதியவர் பீ ஜீஸ் குழுவின் பேரி கிப். தாளத்தைக் கேட்டாலே தெரியும், அது டிஸ்கோ காலத்துப் பாட்டு. பாடிய ஃபிராங்கி வேலி மட்டும் நிஜமாகவே நியூவார்க் தெருக்களில் வளர்ந்தவர்.

அதற்கும் முன்னால் ‘ஷா நா நா’ இருக்கிறது. 1969இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து அமைத்த குழு. தலையில் எண்ணெயும் மினுமினுக்கும் உடையுமாக உட்ஸ்டாக் இசை விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குச் சற்று முன்னால் மேடையேறினார்கள். இன்றைக்கு நம் மனதில் பதிந்திருக்கும் கிரீஸர் உருவத்தில் பாதிக்கு மேல் இந்த மேடைகளில் உருவானது. நன்றாகப் பாடினார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் 1956இல் ஒரு பதினைந்து வயதுப் பையன் என்ன கேட்டான் என்பதை அவர்களிடம் போய்த் தெரிந்துகொள்ள முடியாது.

எல்லாமே ராக்கபிலி என்று நினைப்பது

எல்விஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜீன் வின்சென்ட் என்று கண்ட்ரி இசையும் ராக் அண்ட் ரோலும் கலந்த ராக்கபிலியின் தெற்கத்திப் பெயர்களை அடுக்கிவிட்டுச் சேகரிப்பு முடிந்துவிட்டது என்கிறார்கள். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களின் கிரீஸர்களுக்கு உயிர்மூச்சாக இருந்தது டூ-வாப். நாலைந்து பேர், வாத்தியம் கிடையாது, ஒருவன் அடித்தொண்டையில் தாளம் போடுவான், ஒருவன் உச்சத்தில் இழுப்பான். எதிரொலி வேண்டும் என்பதற்காகச் சுரங்க ரயில் நிலையத்திலும் பள்ளிக்கூடக் கழிப்பறையிலும் நின்று பாடினார்கள். பணமே தேவைப்படாத இசை என்பதால்தான் ஏழைத் தெருக்களில் அப்படிப் பரவியது.

இது வெள்ளைக்காரப் பையன்களின் இசை என்று முடிவு கட்டுவதும் தப்பு. ஃபிராங்கி லைமன் அண்ட் த டீனேஜர்ஸ் குழுவில் மூவர் கறுப்பினத்தவர், இருவர் போர்ட்டோ ரிக்கோ வீட்டுப் பிள்ளைகள். 1956இல் அவர்கள் பாட்டு நாடெங்கும் ஒலித்தபோது லைமனுக்கு 13 வயது. ‘த க்ரெஸ்ட்ஸ்’ குழுவில் இத்தாலிய வீட்டுப் பையன் ஜானி மாயெஸ்ட்ரோ முன்னால் நின்று பாட, கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரரும் கூடப் பாடினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள பெல்மாண்ட் அவென்யூவிலிருந்து டியான் அண்ட் த பெல்மாண்ட்ஸ் வந்தார்கள். தெருவில் அடிதடி போட்டுக்கொண்ட அதே கூட்டத்துப் பிள்ளைகள்தான் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டுக் கற்றார்கள். ராக்கபிலியோடு நின்றுவிட்டால் இந்தக் கதை முழுவதும் கைநழுவிப் போகும்.

பாடகர் இல்லாத தட்டுகளைத் தள்ளிவிடுவது

லிங்க் ரேயின் ‘ரம்பிள்’ 1958இல் வந்தது. அதில் ஒரு வரிகூடக் கிடையாது, வெறும் கிட்டார். அப்படியிருந்தும் கும்பல் சண்டையைத் தூண்டிவிடும் என்று பயந்து சில ஊர்களில் வானொலிக்காரர்கள் ஒலிபரப்ப மறுத்தார்கள். அந்தக் கரகரப்புக்காக அவர் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பென்சிலால் குத்திக் கிழித்தார். ராணுவத்தில் இருந்தபோது காசநோய் வந்து ஒரு நுரையீரலையே இழந்தவர் அவர். மூச்சுப் பிடித்துப் பாட முடியாத மனிதர் தன் குரல் மொத்தத்தையும் கிட்டாருக்குள் இறக்கினார். பழைய தட்டுப் பெட்டிகளைப் புரட்டும்போது வாத்திய இசைத் தட்டுகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபதிவை அசல் என்று நம்பி வாங்குவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இதுதான். காசு போவது மட்டுமில்லை, காதும் கெட்டுப்போகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு பையன் நாலு எல்.பி., அதாவது பல பாட்டு அடங்கிய பெரிய தட்டுகள், கொண்ட பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல தொகை கொடுத்திருந்தான். அட்டையில் தோல் ஜாக்கெட், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி, பழைய கார். கொட்டை எழுத்தில் ‘அசல் பாடகர்கள்’ என்று போட்டிருந்தது. அதில் ஃபைவ் சாட்டின்ஸின் ‘இன் த ஸ்டில் ஆஃப் த நைட்’ இருந்த பக்கத்தைப் போட்டு ஊசியை வைத்தேன். இரண்டு நொடிதான். டிரம் இடது ஸ்பீக்கரில் பளிச்சென்று தனியே கேட்கிறது, பின்பாட்டு வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறது, குரலில் நடுவயது தெரிகிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் எறும்பு அளவு எழுத்தில், குழுவின் ஒருவரோ சிலரோ புதிதாகப் பாடிய பதிவுகள் என்று இருந்தது. அதை அவன் படித்திருக்கவில்லை. படித்துவிடக் கூடாது என்றுதான் அந்த அளவில் அச்சடித்திருக்கிறார்கள்.

அசல் எப்படிப் பதிவானது தெரியுமா? 1956இல் நியூ ஹேவனில் செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் அடித்தளத்தில். சாக்ஸஃபோன் வாசித்த வின்னி மஸெட்டா அந்தத் தேவாலயத்துக்குப் போகிறவர், அவர் போய்க் கேட்டதில் அந்த இடம் கிடைத்தது. பாட்டை எழுதிய ஃப்ரெட் பாரிஸ் அப்போது ராணுவச் சிப்பாய், இரவுக் காவலில் நின்றபோது எழுதினார். தட்டு முதலில் வந்தது ஸ்டாண்டர்ட் என்ற குட்டி லேபிளில், அதாவது தட்டு வெளியிடும் கம்பெனியில், அதுவும் இரண்டாம் பக்கத்துப் பாட்டாக. பிறகு எம்பர் என்ற லேபிள் எடுத்து வெளியிட்டு அது ஓடத் தொடங்கிய நேரத்தில் பாரிஸ் ராணுவப் பணியில் ஜப்பானில் இருந்தார். அந்தப் பதிவில் குரல்கள் ஒன்றோடொன்று மங்கலாகக் கலந்து, அடித்தளத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். பியானோ சற்றுத் தள்ளாடும். அந்த அறையே பாட்டுக்குள் இருக்கிறது. எழுபதுகளின் ஸ்டுடியோவில் அதே மனிதரே வந்து பாடினாலும் அது திரும்ப வராது.

இப்படி ஏன் நடந்தது என்று தெரிந்துகொண்டால் ஏமாறுவது குறையும். அந்தப் பிள்ளைகளில் அநேகம் பேர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் படித்ததே இல்லை. மூலப் பதிவான மாஸ்டர் டேப் லேபிளுக்குச் சொந்தம். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குக் காசு போகும், பாடியவருக்குப் போகாது. எழுதியவர் இடத்திலும் லேபிள் முதலாளிகளின் பெயர் ஏறிவிடும். டீனேஜர்ஸ் குழுவின் முதல் பாட்டை எழுதியது நாங்கள்தான் என்று அந்தக் குழுவில் இருந்த ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சண்டும் நீதிமன்றம் போய், 1992இல் தீர்ப்பும் அவர்கள் பக்கம் வந்தது. நான்கு வருடம் கழித்து மேல்முறையீட்டில், காலம் தாழ்த்தி வழக்குப் போட்டார்கள் என்று சொல்லி அதை ரத்து செய்துவிட்டார்கள்.

எனவே அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை, டிவி விளம்பரம் போட்டுத் தபாலில் தட்டு விற்ற கம்பெனிகள் வந்து, ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வா, பழைய பாட்டையே பாடு, மொத்தமாக ஒரு தொகை என்று கூப்பிட்டபோது பாடகர்கள் போனார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தன் பாட்டிலிருந்து அவர்கள் பார்த்த ஒரே காசு சிலருக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும். என் கோபம் அட்டையில் ‘அசல்’ என்று போட்டு விற்றவர்கள் மீது. சட்டப்படி அது பொய்யில்லை, பாடியவர் அசல் ஆள்தான். வாங்குகிறவன் என்ன நினைத்து வாங்குகிறான் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இன்று இது இன்னும் மோசம். ஸ்ட்ரீமிங் செயலியில் பாட்டைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பல நேரம் மறுபதிவுதான். ஒரு தலைமுறையே அதைக் கேட்டுவிட்டு, ‘இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைக் காதால் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்கிறேன். அட்டையின் பின்பக்க அடி எழுத்தை முழுக்கப் படியுங்கள். பதிவான வருடம் எங்கேயும் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். 1957க்கு முந்தைய டூ-வாப் பாட்டு, இடம் வலமாகப் பிரிந்து தெளிவான ஸ்டீரியோவில் கேட்டால் அநேகமாக மறுபதிவு. ஐம்பதுகளின் கடைசியில் சில பாட்டுகள் நிஜமான ஸ்டீரியோவிலும் பதிவாகியிருக்கின்றன, ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பாட்டு ஓடும் நேரத்தை 45 லேபிளில் அச்சிட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் வரும் சாக்ஸஃபோன் பகுதியை மனப்பாடமாக வைத்திருங்கள். மறுபதிவில் குரல் ஒத்துப்போனாலும் சாக்ஸ் காட்டிக் கொடுத்துவிடும்.

45 தட்டு வாங்கும்போது லேபிளின் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அபூர்வமான டூ-வாப் தட்டுகளுக்கு அறுபதுகளிலேயே கள்ளப் பிரதிகள் வந்துவிட்டன. தட்டுச் சந்தையில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். உறையிலிருந்து தட்டை உருவியதும் லேபிளைப் பார்க்கவே மாட்டார். கட்டைவிரலையும் நடுவிரலையும் விளிம்பில் கொடுத்துப் பிடித்து, விளக்குக்கு நேரே சாய்த்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்றுப் பட்டையில் இருக்கும் எண்ணைப் படிப்பார். அது எந்திரத்தில் பொறித்ததா, ஆணியால் கீறியதா, கீறியிருந்தால் கையெழுத்து எப்படி என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, வாங்கினால் வாங்குவார், இல்லையென்றால் பேசாமல் திரும்பப் பெட்டியில் செருகிவிடுவார். விலை கேட்பது அதற்கப்புறம்தான். இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தேடும் தட்டின் அசல் எண் என்ன என்பதை வீட்டிலேயே குறித்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள்.

மோனோவை ‘மாற்றிய’ ஸ்டீரியோ

ஒரே தடமாகப் பதிவான மோனோவை எந்திரத்தில் இடம் வலமாகப் பிரித்துக் காட்டும் தட்டுகள் இவை. வாங்காதீர்கள்.

குழுவின் பெயரை நம்பி டிக்கெட் எடுப்பது

பெயர் ஒருவருக்குச் சொந்தம், குரல் இன்னொருவருக்குச் சொந்தம் என்பது அந்தக் காலத்து வழக்கம். ‘த டிரிஃப்டர்ஸ்’ என்ற பெயரை வைத்திருந்த மேனேஜர் 1958இல் குழுவில் இருந்த எல்லாரையும் ஒரே நேரத்தில் நீக்கிவிட்டு, ‘ஃபைவ் கிரவுன்ஸ்’ என்ற வேறொரு குழுவை அந்தப் பெயரில் மேடையேற்றினார். பாடகர் பென் ஈ. கிங் வந்தது அப்படித்தான். பின்னாளில் ஒரே பெயரில் இரண்டு மூன்று குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின. பழைய ஆள் ஒருவர்கூட அவற்றில் இருக்க மாட்டார். ஷா நா நாவில் இருந்த ஜான் பௌமன் இதற்கு எதிராகப் பல வருடம் போராடியதில், 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் மேடையில் யார் நிற்கப்போகிறார் என்று ஆள் பெயரைக் கேளுங்கள்.

இங்கிலாந்து ராக்கர்களோடு குழப்பிக்கொள்வது

அவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள். லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையில் இருந்த ஏஸ் கஃபே அவர்கள் கூடும் இடம். பி.பி.சி. ராக் அண்ட் ரோலைக் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுத்தது, ஆகவே கஃபே ஜூக்பாக்ஸே கதி. 1964இல் கடற்கரை ஊர்களில் மாட்ஸ் என்ற எதிர்க் கூட்டத்தோடு மோதியது இவர்கள்தான். கஃபே 1969இல் மூடி 2001இல் திறந்தது. இரண்டு கதைகளும் ஒட்டும் இடம் ஒன்று உண்டு: ஜீன் வின்சென்ட்டுக்குத் தலையிலிருந்து கால்வரை கறுப்புத் தோல் உடை மாட்டிவிட்டது ஜாக் குட் என்ற ஆங்கிலேய டிவி தயாரிப்பாளர்.

பீட்டில்ஸ் வந்ததும் எல்லாம் முடிந்தது என்பது

பீட்டில்ஸ் அமெரிக்கா வந்த 1964க்குள் பாதி வீடு ஏற்கெனவே காலியாகியிருந்தது. லிட்டில் ரிச்சர்ட் 1957இல் மதப் பணிக்குப் போய்விட்டார். எல்விஸை 1958இல் ராணுவம் எடுத்துக்கொண்டது. 1959 பிப்ரவரி 3 அன்று பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர் என்ற பாடகர்கள் மூவரும் அயோவாவில் விமானம் விழுந்து இறந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் டியானும் கூட இருந்தார். 1960இல் எடி காக்ரன் இங்கிலாந்தில் கார் விபத்தில் போனார், வயது 21. காசு வாங்கிக்கொண்டு பாட்டு போட்டார்கள் என்று வானொலி அறிவிப்பாளர்கள் மீது விசாரணை வேறு.

இன்னொரு பக்கம், பழைய பாட்டு மேல் ஏக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ‘த கேப்ரீஸ்’ குழு 1958இல் பதிவு செய்த பாட்டு ஓடவில்லை, குழு கலைந்தது. டைம்ஸ் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் இருந்த ஒரு பழைய தட்டுக் கடையில் வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டுக் கேட்டு வாங்க, மறுபடி வெளியிட்டார்கள். 1961இல் அது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறியது. பையன்கள் மறுபடி ஒன்றுசேர வேண்டியதாயிற்று.

எல்லாரும் இளமையிலேயே அழிந்தார்கள் என்று எழுதுவது

ஃபிராங்கி லைமன் 1968இல் 25 வயதில் ஹெராயினால் இறந்தார். அந்தச் சோகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாருடைய கதையையும் அதே அச்சில் வார்க்கிறார்கள். டியானுக்கும் அதே போதைப் பழக்கம்தான், பதின்ம வயதிலேயே பிடித்தது. அதே 1968இல் அவர் அதை விட்டார். அந்த வருடமே மறுபடி பெரிய பாட்டு ஒன்று கொடுத்தார், 2020இல் எண்பது வயதில் ப்ளூஸ் ஆல்பம் வெளியிட்டார். லிங்க் ரே மேரிலாண்டில் ஒரு பழைய கோழிக் கொட்டகையைப் பதிவுக் கூடமாக்கி 1971இல் ஆல்பம் கொண்டுவந்தார். பின்பு டென்மார்க்கில் குடியேறி, 2005இல் கோபன்ஹேகனில் இறந்தார். ஜானி மாயெஸ்ட்ரோ வேறு குழு அமைத்து, 2010இல் இறக்கும் வரை பாடிக்கொண்டிருந்தார். ஃப்ரெட் பாரிஸ் இருந்தது 2022 வரை.

இவர்களெல்லாம் தட்டில் பெயர் வந்தவர்கள். தெருமுனையில் பாடிய குழுக்களில் பெரும்பாலானவை ஸ்டுடியோ வாசலை மிதித்ததே இல்லை. நான் சொன்ன லாரிக்காரப் பெரியவர் அப்படி ஒரு குழுவில் அடிக்குரல் பாடியவர். ஒருவன் ராணுவத்துக்குப் போனான், ஒருவனுக்குக் கல்யாணம் ஆனது, ஒருவன் தீயணைப்புத் துறையில் சேர்ந்தான், அதோடு குழு முடிந்தது. கிரீஸர்களின் பிற்கால வாழ்க்கை என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த மாதிரி வாழ்க்கைகளைத்தான்: தொழிற்சாலை ஷிஃப்ட், வீட்டுக் கடன், பேரப்பிள்ளைகள், அலமாரியில் ஒரு பெட்டி 45. அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அப்படிப்பட்டவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

சீப்பும் ஜாக்கெட்டும் வாங்குவது

தட்டு வாங்குங்கள்.

நியூயார்க்கோடு நின்றுவிடுவது

இந்த இசை விட்டுப்போகாமல் தொடர்ந்து வாழ்ந்த இடம் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் அது தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கிறது. காரணமானவர்களில் முக்கியமானவர் ஆர்ட் லபோ, ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த வானொலிக்காரர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள் சிறுவர்களுக்கு நடன நிகழ்ச்சி வைக்கக் கட்டுப்பாடு இருந்ததால், எல்லைக்கு வெளியே எல் மான்டியில் ஓர் அரங்கத்தில் வைத்தார். எல்லா இனத்துப் பிள்ளைகளும் வந்து ஆடினார்கள். 1959இல் ‘ஓல்டீஸ் பட் குடீஸ்’ என்று பழைய பாட்டுகளை ஒரே எல்.பி.யில் தொகுத்தார். அசல் பதிவுகளை லேபிள்களிடம் உரிமை வாங்கிப் போட்டார், தேவாலய அடித்தளத்துப் பாட்டும் அதில் உண்டு. மனது வைத்தால் அப்படிச் செய்ய முடியும் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

சிறையில் இருக்கும் கணவனுக்கு மனைவியும், அப்பாவுக்குக் குழந்தையும் அவர் நிகழ்ச்சிக்குப் போன் செய்து பாட்டு கேட்பார்கள். 2022 அக்டோபரில் 97 வயதில் இறக்கும் வரை அந்த நிகழ்ச்சியை நடத்தினார். லோரைடர் கார்கள் தரையை உரசியபடி மெதுவாகப் போகும்போது உள்ளே ஓடுவது பெரும்பாலும் இந்த வகை மெதுவான பாட்டுகள்தான். ஸ்வீடனில் ரகாரே என்ற கார்ப் பிரியர் கூட்டம் இன்றும் அமெரிக்கக் கார்களை ஓட்டுகிறது. டோக்கியோவின் யோயோகி பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை தோல் ஜாக்கெட் போட்டு ஆடுகிறார்கள். இவர்களை நகல் என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்கா தூக்கிப்போட்டதைப் பத்திரமாக வைத்திருந்தது இவர்களைப் போன்றவர்கள்தான்.

முதல் நாளே அசல் 45க்குப் பணம் கட்டுவது

காது பழகும் முன் விலை உயர்ந்த தட்டு வேண்டாம். ஜெர்மனியின் பேர் ஃபேமிலி, லண்டனின் ஏஸ் ரெக்கார்ட்ஸ் இரண்டும் மூல டேப்பைத் தேடிப்பிடித்து மறுவெளியீடு செய்கிறவர்கள். கூட வரும் கையேட்டில் பதிவான தேதி, ஊர், பாடியவர், வாசித்தவர் பெயர்கள் இருக்கும். ஐரோப்பாவில் 1963க்கு முந்தைய பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் மலிவுத் தொகுப்புகளும் குவிந்து கிடக்கின்றன. பாட்டு அசலாகத்தான் இருக்கும், ஆனால் இரைச்சலை நீக்குகிறேன் என்று மூச்சுச் சத்தத்தையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள். கையேடு உள்ளதை ஒரு வருடம் கேளுங்கள். அப்புறம் எண்ணைக் குறித்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படுங்கள்.